காரணம் கேட்கக் கூடாது

சவேரியார்பட்டியில் தவக்காலத் தியானம் என்றால் பங்குச் சாமியாரே மூன்று நாள் சாயங்காலம் பிரசங்கம் வைத்து முடித்துவிடுவார். பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் பாவசங்கீர்த்தனம் சொல்ல வரிசையில் நிற்பார்கள். இரண்டாயிரத்து ஆறில்தான் முதன்முதலாக வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு தியான இல்லத்தில் இருந்த சாமியார் அவர். ஆறடி உயரம், நரைத்த தாடி. தமிழ் பேசுவார், நடுவில் மலையாளம் வந்து விழும். கூடவே கைதட்டிப் பாட நாலு பெண்களும் பெரிய பெரிய ஒலிபெருக்கிகளும் வந்து இறங்கின.

வெள்ளி காலையிலிருந்து ஞாயிறு மத்தியானம் வரை யாரும் வேலைக்குப் போகக் கூடாது என்று தெருவாரியாகக் கூடுகிற அன்பியக் கூட்டங்களில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். திராட்சைத் தோட்டத்துக்காரர்கள் முனகினார்கள். மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற மரியராஜ்கூட ஜீப்பைக் கழுவித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, மனைவி கிளாராவோடு பந்தலுக்கு வந்து உட்கார்ந்தார்.

கிளாராவுக்கு நாற்பத்தாறு வயது. கனமில்லாத மனசோடுதான் அவள் போனாள். ஊரில் யாரோடும் அவளுக்குச் சண்டை கிடையாது. பெரிய குறை என்று சொன்னால் ஒன்றுதான். ஐந்து வருசத்துக்கு முன்பு வரை கோயில் பாடல் குழுவில் முதல் குரல் அவளுடையது. கழுத்தில் கட்டி வந்து மதுரையில் ஆபரேசன் பண்ணியதில் குரல் போய்விட்டது. பேச முடிந்தது, ஆனால் காற்றும் கரகரப்புமாகத்தான் வரும். பாட்டு அறவே வராது. அவள் இடத்தில் அடுத்த தெரு பிலோமினா பாட ஆரம்பித்தாள். தையல் வேலை செய்கிறவள், கிளாராவைவிட எட்டு வயது சின்னவள். கிளாரா அழுதாள், ஆறு மாதம் பாடல் குழு இருக்கும் பக்கம் திரும்பாமல் பூசை பார்த்தாள், பிறகு பழகிக்கொண்டாள்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம். வெயில் பந்தல் துணியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. சாமியார் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சனங்களுக்கு நடுவே இறங்கி வந்தார்.

"இந்தப் பந்தல்ல, நீங்க துரோகம் செஞ்ச ஒரு ஆள் இருக்கு. உங்க மனசுக்கு அறியும். எழுந்து போங்க. அவங்க கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேளுங்க. என்ன காரணம்னு சொல்ல வேண்டாம். மன்னிக்கறவங்களும் காரணம் கேக்கக் கூடாது, கேட்டோ. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை. அது மதி, அது போதும்."

கீபோர்டு மெதுவாக ஒலித்தது. கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. பிறகு ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து தன் தம்பியிடம் போனார். ஒரு மருமகள் மாமியாரின் மடியில் விழுந்தாள். பந்தல் முழுக்க நாற்காலிகள் நகர, அழுகைச் சத்தம் கிளம்பியது. கிளாரா யாரிடம் போவது என்று யோசித்துப் பார்த்தாள். ஒருத்தரும் நினைவுக்கு வரவில்லை. அதில் அவளுக்கு லேசாகப் பெருமைகூட வந்தது.

அப்போதுதான் பாடல் குழுவிலிருந்து பிலோமினா எழுந்து வந்தாள். இடையில் யாரையும் பார்க்கவில்லை. பந்தலின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நேராக வந்து, கிளாராவின் முன்னால் மண்ணில் முழந்தாள் இட்டு, இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னய மன்னிச்சிருங்கக்கா."

"என்ன பிலோமி இது, எந்திரி."

"மன்னிச்சேன்னு சொல்லுங்கக்கா. சொன்னாத்தான் எந்திரிப்பேன்."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பிலோமினாவின் உடம்பு குலுங்கியது. கிளாராவுக்கு ஒன்றுமே புரியவில்லை. காரணம் கேட்கக் கூடாது என்று சாமியார் சொல்லியிருந்தார். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஆனால் பாதத்தில் கண்ணீர் சூடாக விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு மனுசி வேறு என்ன செய்வாள்?

"மன்னிச்சேன்" என்றாள்.

பிலோமினா எழுந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். திரும்பிப் போகும்போது அவள் நடையே வேறாக இருந்தது. சாயங்காலப் பூசையில் அவள் பாடியதைப் போல அந்த ஊரில் அதுவரை யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் இருந்த மலையம்மாள் கிளாராவின் காதில் சொன்னாள்: "ஒங் கால்ல விழுந்து எந்திரிச்சவுடனே அவ தொண்டைக்கு எம்புட்டுப் பலம் வந்துருச்சு பாத்தியா ஆத்தா."

கிளாரா தலையாட்டினாள். பாட்டில் மனம் போகவில்லை. எதை மன்னித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி வீட்டுக்கு வந்து மரியராஜுக்குச் சோறு போட்டாள்.

"பிலோமி எங்கிட்ட எதுக்கு மன்னிப்புக் கேட்டா?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒங்கிட்டதான கேட்டா."

"உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

மரியராஜின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு நொடி நின்றது. பிறகு, "எனக்கு என்ன தெரியும்?" என்று சாப்பிட்டார்.

அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. தியானம் முடிந்து, பந்தல் பிரித்து, ஒலிபெருக்கிகள் மலையேறிப் போன பிறகும் கிளாராவுக்கு மட்டும் தியானம் முடியவில்லை. அவள் வேலைக்குப் போகிற தோட்டத்தில் திராட்சைக் கொத்தில் சொத்தைப் பழங்களைக் கத்தரித்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கை அதுபாட்டுக்கு வேலை செய்தது, மனசு பழசையெல்லாம் கிளறியது. பிலோமினா ஏன் ஒரு நாள் மரியராஜின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து கம்பத்துக்குப் போனாள்? மூன்று வருசம் முன்னால் மூத்த மகளைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் ஏன் பதிலே சொல்லவில்லை? அவர்களுக்கு யார் என்ன எழுதிப் போட்டார்கள்? அந்த மகள் இப்போது திருப்பூரில் புருசனோடு நன்றாகத்தான் இருக்கிறாள். இருந்தாலும் கேள்வி கேள்விதானே. கிறிஸ்துமசுக்குத் தைக்கக் கொடுத்த சட்டைத் துணி அரை மீட்டர் குறைந்து வந்ததுகூட நினைவுக்கு வந்தது. அரை மீட்டர் துணிக்கா ஒருத்தி காலைப் பிடித்து அப்படி அழுவாள்?

தெருவில் எதிரே வரும்போதெல்லாம் பிலோமினா முகம் மலர்ந்து சிரித்தாள். "அக்கா, இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறேன்" என்றாள். கிளாராவுக்குத் தூக்கம் போயிருந்தது. அவளுடைய பாரத்தை இறக்கி இவள் தலையில் வைத்துவிட்டு, மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்றும் சொல்லாமல் போய்விட்டாளே என்றிருந்தது.

எட்டாம் நாள் பொறுக்க முடியவில்லை. மத்தியானம் வேலை விட்டு நேராகப் பிலோமினா வீட்டுக்குப் போனாள். பிலோமினா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். கிளாராவைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினாள்.

"வாங்கக்கா, இங்கன ஒக்காருங்க. காப்பி போடட்டா?"

"காப்பி வேண்டாம். நீ எங்கிட்ட எதுக்கு மன்னிப்புக் கேட்டன்னு சொல்லு."

பிலோமினாவின் சிரிப்பு போய்விட்டது. "சொல்லக் கூடாதுன்னு சாமியார் சொன்னாக."

"சாமியாரு மலையேறிப் போயிட்டாரு. நான்ல இங்கன கெடந்து சாகுறேன். எங்க வீட்டுக்காரருக்கும் ஒனக்கும் ஏதுமா?"

"ஐயோ, மாதாவே" என்று பிலோமினா காதைப் பொத்திக்கொண்டாள். அது நடிப்பில்லை என்று கிளாராவுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பிறகு என்ன பிலோமி?"

பிலோமினா வெட்டிய நூல் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டே சொன்னாள். கிளாராவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டாயிரம் கிறிஸ்துமஸ். ஞாபகம் இருக்கா? அந்தப் பூசையில நன்றிப் பாட்டு எனக்குன்னு அப்ப இருந்த சாமியாரு சொல்லியிருந்தாக. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பத்து வருசத்துல மொதத் தடவை எனக்குன்னு ஒரு பாட்டு. ரெண்டு மாசம் இந்த மிஷினுக்கு முன்னாலயே பாடிப் பாடிப் பழகுனேன். எங்கம்மா வீட்லேர்ந்து எல்லாரும் கேக்க வந்துருந்தாக. நற்கருண வாங்கி முடிஞ்சு நான் வாயத் தெறக்கப் போறேன், நீங்க எடுத்துட்டீக."

"எத எடுத்தேன்?"

"பாட்ட. நீங்களே எடுத்துப் பாடிட்டீக. முழுசும்."

கிளாரா யோசித்தாள். கூட்டம் நெரிந்த ஒரு கிறிஸ்துமஸ், பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற பிலோமினா. பயந்து நிற்கிறாளே, கை கொடுப்போம் என்று தொடங்கியதாக ஒரு மங்கலான நினைவு வந்தது. அது அந்தக் கிறிஸ்துமஸ்தானா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

"நீ பயந்துட்டன்னு நெனச்சேன்."

"மூச்சு எடுத்துக்கிட்டு இருந்தேங்க்கா."

பிறகு பிலோமினா மிச்சத்தையும் சொன்னாள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வாய்க்கால் ஓரம் இருக்கிற அந்தோணியார் குருசடிக்குப் போனாள். ஒன்பது செவ்வாய் போனாள். ஒவ்வொரு செவ்வாயும் மெழுகுதிரி ஏற்றிவைத்து, கிளாரா குரல் போகணும், அந்த இடம் எனக்கு வரணும் என்று கேட்டாள். ஒன்பதாவது செவ்வாய் முடிந்த மூன்றாம் வாரம், கிளாராவுக்குக் கழுத்தில் கட்டியாம், மதுரைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று தெருவில் பேச்சு வந்தது.

"நான் கேட்டதக் குடுத்துட்டாரு அந்தோணியாரு" என்றாள் பிலோமினா. "அஞ்சு வருசமா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வாயத் தெறக்குறப்ப எனக்கு நடுங்கும்க்கா. இது எங் கொரல் இல்ல, அவுக கொரலுன்னு தோணும்."

கிளாராவுக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது, ஆனால் வரவில்லை. சிரிப்பு வரும் போலவும் இருந்தது, அதுவும் வரவில்லை. எழுந்து நின்றாள்.

"அன்னைக்கு மன்னிச்சேன்னு சொன்னேன்ல, அது செல்லாது. எதுன்னு தெரியாமச் சொன்னது. இப்பத் தெரிஞ்சு போச்சு. இப்ப சொல்ல வரல."

"அக்கா..."

"திட்டவும் வரல பிலோமி. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நான் போறேன்."

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்து மதுரை ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தாள். இங்கிலீஷ் அவளுக்கு வாசிக்க வராது. தேதிகள் மட்டும் புரிந்தன. டாக்டர் அன்று சொன்னது நன்றாக நினைவிருந்தது. இது இன்று நேற்று வந்த கட்டி இல்லையம்மா, நாலைந்து வருசமாக உள்ளே வளர்ந்திருக்கிறது. அப்படியென்றால் பிலோமினா மெழுகுதிரி ஏற்றுவதற்கு வெகு முன்பே கட்டி இருந்திருக்கிறது. அவளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிளாரா நிம்மதியாக மூச்சுவிட்டாள். ஆனால் அந்த மூச்சு முடிவதற்குள் இன்னொன்று தோன்றியது. கட்டியா குரலைக் கொண்டுபோனது? கட்டியோடு பாடிக்கொண்டுதானே இருந்தாள். ஆபரேசனில் நரம்பு பட்டுத்தான் குரல் போனது. நூறில் ஒருத்தருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் முன்னமே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். நூறில் அந்த ஒருத்தி ஏன் இவள்? பிலோமினா கேட்டது கட்டியை இல்லையே, குரலைத்தானே.

ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்த மரியராஜ், மடியில் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். கிளாரா நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இம்புட்டுத்தானா? நான் வேற என்னமோன்னு பயந்தேன்."

"நீங்க என்ன பயந்தீக? அன்னைக்கு எதுக்குச் சாப்பாட்டுல கை நின்னுச்சு?"

"நீ என்னயச் சந்தேகப்படுறியோன்னுதான் நின்னுச்சு."

மறுநாள் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தாள். சின்ன வயசுக்காரர், பாளையத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. யார் என்று பெயர் சொல்லாமல் கேட்டாள்.

"சாமி, ஒருத்தி இன்னொருத்திக்குக் கெடுதல் வேணும்னு செபம் பண்ணுனா, ஆண்டவர் கேப்பாரா?"

"கேக்க மாட்டாரும்மா. கெடுதல் கேக்கறது செபமே இல்ல."

"நல்லதுக்குப் பண்ணுனா கேப்பாரா?"

"கண்டிப்பா கேப்பாரு."

"ஆபரேசனுக்கு முந்தின நாள் நான் முழந்தாள்ல நின்னு கேட்டேன் சாமி. உசுரு போனாலும் பரவாயில்ல, கொரலு போகக் கூடாதுன்னு. ஏன் கேக்கல?"

சாமியார் மேசைமேல் இருந்த பூசைக் குறிப்பேட்டை மூடினார், திறந்தார். ஆண்டவரின் சித்தம் என்று தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டார்.

"எனக்குத் தெரியல, கிளாரா" என்றார்.

கிளாராவுக்கு ஏனோ அந்தப் பதில்தான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் என்ன செய்ய? இரண்டு பேர் ஒரே குரலைக் கேட்டிருக்கிறார்கள். ஒருத்திக்குக் கிடைத்தது, ஒருத்திக்குக் கிடைக்கவில்லை. இதில் யாரை யார் மன்னிப்பது? பிலோமினாவையா? அந்தோணியாரையா? இல்லை, ஒருத்தி இரண்டு மாதம் பழகிய பாட்டை யோசிக்காமல் எடுத்துப் பாடிவிட்டு, அதை மறந்தும் போன தன்னையா?

குருத்தோலை ஞாயிறு அன்று பிலோமினா பாடல் குழுவில் இல்லை. பின்வரிசையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பவனியில் ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள். ஓலைகளின் சலசலப்புதான் பாட்டைவிடச் சுத்தமாகக் கேட்டது. பூசை முடிந்ததும் கீபோர்டு வாசிக்கிற அருண் ஜோசப் வாத்தியார் கிளாராவைத் தேடி வந்தார்.

"பிலோமினா இனிமே பாட மாட்டேங்குறாக. காரணம் கேட்டா உங்களக் கேக்கச் சொல்றாக. பெரிய வெள்ளிக்குக் கீபோர்டும் கிடையாது, வெறும் குரலுதான். அவுக இல்லன்னா என்ன செய்யறது?"

"எனக்கு என்ன தெரியும் வாத்தியாரே" என்றாள் கிளாரா. ஆனால் புதன்கிழமை அவள் கால்கள் தாமாக அடுத்த தெருவுக்குப் போயின.

பிலோமினா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். கிளாரா உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அங்கன மெழுகுதிரி ஏத்துனப்ப, நான் செத்துப்போகணும்னு ஒனக்குத் தோணுச்சா?"

பிலோமினா உண்மையாகவே யோசித்தாள். அப்படி யோசித்தது கிளாராவுக்குப் பிடித்திருந்தது.

"இல்லக்கா. கொரலு மட்டும்தான்."

கிளாராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காற்றாக வந்த அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிலோமினா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கிளாரா குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வெள்ளிக்கெழம நீ பாடு."

"மன்னிச்சிட்டீகளா?"

"அது எனக்கு இன்னும் தெரியல. கேக்காத. கொஞ்ச நாளாகும், இல்ல வருசமாகும், இல்ல வராமலே போகும். ஆனா ரெண்டு பேரு கொரலும் இல்லாம அந்தக் கோயில் எதுக்கு? பாடு."

பெரிய வெள்ளி மத்தியானம் மூன்று மணிக்குக் கோயில் நிரம்பி வழிந்தது. மணியும் இல்லை, கீபோர்டும் இல்லை. பீடம் துணியின்றிக் கிடந்தது. இயேசுவின் பாடுகளின் வாசகம் முடிந்து, சனங்கள் வரிசையாக வந்து சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்கிற நேரம் புலம்பல் பாட்டைத் தொடங்க வேண்டும். பிலோமினா எழுந்தாள். பெண்கள் பக்கம் நாலாம் வரிசையில் கிளாரா இருந்தாள்.

முதல் வரி வந்தது. சுருதி மேலே போய்விட்டது. பதற்றத்தில் அவள் உயரத்தில் எடுத்துவிட்டாள். முதல் இரண்டு வரியைத் தாண்டிவிடலாம், நடுவில் ஏறுகிற இடத்தில் குரல் உடைந்து போகும் என்று கிளாராவுக்கு உடனே தெரிந்தது. இருபது வருசம் பாடிய பாட்டு. உடையட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததை அவள் தெளிவாகப் பார்த்தாள், மறைக்கவில்லை. அதே சமயம் அவள் வலது கை தானாக உயர்ந்து, உள்ளங்கை கீழே பார்க்க, மெல்ல இறங்கியது.

பிலோமினாவின் கண்கள் அந்தக் கையைப் பார்த்தன. அவள் நிறுத்தினாள். கோயிலே அவளைத் திரும்பிப் பார்த்தது. மூச்சு எடுத்தாள், முழுசாக, நிதானமாக. இந்த முறை யாரும் அவளுக்கு முந்தித் தொடங்கவில்லை. கீழே இறக்கி மறுபடி எடுத்தாள். பாட்டு சுருதியில் நின்றது.

நன்றாகத்தான் பாடினாள். கேட்கக் கேட்கக் கிளாராவுக்கு இனித்தது, இனிக்கிற அதே இடத்தில் எரிந்தது. எது எதைவிட அதிகம் என்று பிரித்துப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. வரிசை நகர்ந்தது. அவளும் எழுந்து மற்றவர்களோடு சிலுவையை நோக்கி நடந்தாள்.

ஒவ்வொரு வருசமும் அந்த இடத்தில் அவள் எதையாவது கேட்பாள். மகளுக்காக, மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிற மரியராஜுக்காக, ஆபரேசனுக்குப் பிறகு குரலுக்காக. இந்த வருசம் குனிந்தபோது எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் கிடைக்குமோ என்றும் பயம், கிடைக்காதோ என்றும் பயம். கேட்டது கிடைத்தால் அது யாரிடமிருந்து எடுத்ததாக இருக்கும் என்பது இன்னொரு பயம். மரத்தில் பதிந்த உதடுகள் அசையாமல் இருந்தன. பின்னால் நின்ற மலையம்மாள் முழங்கையால் மெல்ல இடித்து, "நகரு ஆத்தா, சனம் நிக்குது" என்றாள்.

கிளாரா ஒன்றும் கேட்காமல் முத்தி செய்துவிட்டு நகர்ந்தாள்.